ஆரணி மாடிப்படி

பெசன்ட் நகர்,
18-7-1976

பாப்பாவின் அப்பாவுக்கு,

நானும் பாப்பாவும் சௌக்கியமாக வந்து சேர்ந்தோம். தி. நகரிலிருந்து பெசன்ட் நகருக்குப் பஸ்ஸில் வந்ததற்கு இப்படி ஒரு வரி தேவையா என்று சீதா அக்கா சிரிக்கிறாள். ஒரே ஊரில் இருந்துகொண்டு புருஷனும் பெண்டாட்டியும் தபாலில் சண்டை போடுவதை அவள் இப்போதுதான் பார்க்கிறாளாம். உறையின் மேல் விலாசம் எழுதியதும் அவள்தான். உங்கள் பெயரை நான் சொல்வதுமில்லை, எழுதுவதுமில்லை. கோபித்துக்கொண்டு வந்துவிட்டேன் என்பதற்காக அந்த வழக்கத்தையும் விட்டுவிட முடியுமா?

ஏன் சொல்லாமல் கிளம்பினேன் என்று அத்தை கேட்டிருப்பார்கள். நீங்களும் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பீர்கள். உங்களுக்குத் தெரியும். வீட்டு வசதி வாரியக் குலுக்கலில் இந்தப் பெசன்ட் நகரில் நமக்கு வீடு விழுந்திருப்பதாகக் கடிதம் வந்த அன்று, நீங்களும் உங்கள் அண்ணனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் ரசத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக் கதவு வரைக்கும் வந்துவிட்டேன். "இது எதுக்கு தம்பி?" என்று அவர் கேட்டார். நீங்கள் தலையை நிமிர்த்தாமல், "சும்மா போட்டு வச்சேன் அண்ணே, வாடகைக்கு விடலாம்னு" என்றீர்கள்.

விண்ணப்பம் போடச் சொன்னது நான். மூன்று வருஷமாக அந்த வீட்டுக்குத் திரை என்ன நிறம், துளசிச் செடி எந்தப் பக்கம் என்று உங்களிடம் பேசிக்கொண்டிருந்ததும் நான். உங்கள் வீட்டில் யார்மேலும் எனக்குக் குறை கிடையாது. அத்தை என்னைப் பட்டினி போடவில்லை, உங்கள் அண்ணன் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. ஆனால் காலையில் எழுந்து ஒரு ஜன்னலைத் திறக்க நாலு பேர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. யாரையும் கேட்காமல் ஜன்னல் திறக்கிற ஒரு வீடு வேண்டும் என்றுதானே கேட்டேன். அதற்கு நீங்களும் சரி என்றுதானே சொன்னீர்கள்.

இந்த மாதமும் அடுத்த மாதமும் தாண்டினால் அந்தச் சாவி வேறொருவருக்குப் போய்விடும். அந்த வீட்டில் நாம் குடியிருக்கப் போகிறோமா, இல்லையா? அதை நீங்கள் முடிவு செய்யும்வரை நான் அங்கே வருவதாக இல்லை. நீங்களும் இங்கே வந்து அக்கா வீட்டு வாசலில் நிற்க வேண்டாம்.

மரப்பெட்டியில் என் முகூர்த்தப் புடவைக்கு அடியில் பழைய கான்வாஸ் பூட்ஸ் ஒரு ஜோடி இருக்கும். கடை ஆள் யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புங்கள். எதற்கு என்று கேட்க வேண்டாம்.

சுந்தரவல்லி

*

தி. நகர்,
21-7-1976

வல்லிக்கு,

உன் கடிதம் கடை விலாசத்துக்கு வந்தது. நல்லவேளை. வீட்டுக்கு வந்திருந்தால் அம்மா யாரையாவது கூப்பிட்டு வாசிக்கச் சொல்லியிருப்பாள்.

ஆடித் தள்ளுபடி ஆரம்பித்துவிட்டது. கடையில் எள் போட இடமில்லை. நேற்று ஒரு அம்மாள் நான் கட்டியிருந்த வேட்டியின் கரையைப் பிடித்துப் பார்த்து இது என்ன விலை என்று கேட்டாள். தள்ளுபடி போக எவ்வளவு என்றும் கேட்டாள். இதை உன்னிடம் சொல்லிச் சிரிக்க மாடி ஏறிப் போனேன். நீ இல்லை என்பது கடைசிப் படியில்தான் ஞாபகம் வந்தது.

பூட்ஸ் கிடைத்தது. இந்தக் கடிதம் கொண்டுவரும் கடை ஆளிடமே கொடுத்தனுப்பியிருக்கிறேன். வலது காலில் அடி பாதி பிய்ந்து தொங்குகிறது. ஆறு வருஷமாகியும் அதில் கேக் வாசனை வருகிறது, அல்லது எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதோ என்னவோ. உன் பிறந்தநாளுக்கு நான் பாண்டி பஜாரில் வாங்கிய கேக். மலையுச்சியில் பையைத் திறந்தால் தூளாகிக் கிடந்தது. இருவரும் விரலால் தொட்டுத் தொட்டுத் தின்றோம். பிளம்ஸை எல்லாம் பொறுக்கி உனக்குக் கொடுத்தேன். அந்த இரண்டு நாளைப் போல நான் அதற்குமுன் இருந்ததில்லை, பிறகும் இல்லை. கடை இல்லை, அண்ணன் இல்லை, அளவுகோல் இல்லை. நீயும் நானும் பர்வதமலையும்தான்.

வீட்டு விஷயத்தை நேரில் பேசிக்கொள்ளலாம். இப்போது ஆடி. எந்த நல்ல காரியமும் ஆடியில் பேசுவதில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபிக்காதே. கதவுக்குப் பின்னால் நின்றாயே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அன்றைக்கு மலையிலும் இப்படித்தான். வாயைத் திறந்து என் பெயரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டிருந்தால், இன்றைக்கு நான் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டியிருக்காது.

பாப்பாவுக்கு முத்தம். அவள் கேட்ட சிவப்பு ரிப்பன் பூட்ஸுக்குள் இருக்கிறது.

தனபாலன்

*

பெசன்ட் நகர்,
25-7-1976

பாப்பாவின் அப்பாவுக்கு,

பூட்ஸ் வந்தது. ரிப்பன் வந்தது. கடைசியில் ஒரு குத்தலும் வந்தது.

முதலில் கேக் விஷயம். அது கேக்கே இல்லை. அது பன். மேலே சிவப்பாக ஜாம் தடவியிருந்தான், அவ்வளவுதான். பிளம்ஸ் என்று நீங்கள் பொறுக்கிக் கொடுத்ததில் ஒன்று எறும்பு. பிறந்தநாள் அன்றைக்குச் சொல்ல வேண்டாமே என்று விழுங்கிவிட்டேன்.

மற்றதையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் பாதியை மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. நமக்குக் கல்யாணமான வருஷம் அது, எழுபது. உங்கள் வீட்டில் பிறந்தநாள் என்றால் நட்சத்திரத்தன்று கோயிலில் ஒரு அர்ச்சனை, அதோடு சரி. எனக்குப் பாளையங்கோட்டையில் கன்னியாஸ்திரீகளிடம் படித்த கோளாறு, ஆகஸ்ட் பதினாறு என்றால் விடிந்ததும் யாராவது என்னிடம் எதையாவது நீட்ட வேண்டும். என்ன வேண்டும் என்று கேட்டீர்கள், புடவை மட்டும் கேட்காதே, அதைத்தான் நாள் முழுக்கப் பார்க்கிறேன் என்றீர்கள். மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது தெற்கே பரங்கிமலை தெரியும். அதைக் காட்டி, ஒரு மலை ஏற வேண்டும் என்றேன். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். அது மலையா, அது மேடு, நிஜ மலை எப்படியிருக்கும் என்று காட்டுகிறேன் வா என்றீர்கள். சனிக்கிழமை சுதந்திர தினம், கடை கிடையாது. ஞாயிறு என் பிறந்தநாள். தீபாவளிக்குப் பட்டு பார்க்க ஆரணிக்குப் போவதாக உங்கள் அண்ணனிடம் சொன்னீர்கள். ஆரணிப் பக்கத்துக் கோயிலில் எனக்கு ஒரு வேண்டுதல் என்று அத்தையிடம் சொன்னீர்கள். இரண்டு பொய்யையும் முகம் மாறாமல் சொன்னீர்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அடிவாரத்துக் கடலாடியிலிருந்து ஏறினோம். பாறையில் கடப்பாறைகளை வரிசையாக அடித்துச் சங்கிலி கோத்திருக்கிற இடத்தில் நான் கீழே பார்த்துவிட்டேன். அங்கே நான் அழுததாக நீங்கள் இன்றுவரை சொல்லி வருகிறீர்கள். அது வியர்வை. நீங்கள் மேலே குந்திக்கொண்டு கையை நீட்டினீர்கள். சீக்கிரம் வா என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. பின்னால் ஏறி வந்தவர்கள் சத்தம் போட்டார்கள். அவர்களுக்கும் பதில் சொல்லாமல் கையை அப்படியே நீட்டிக்கொண்டிருந்தீர்கள். அந்தக் கையை நினைத்துக்கொண்டுதான் ஆறு வருஷமும் அந்த வீட்டில் இருந்தேன்.

உச்சியில் நாமே நம் கையால் சாமிக்குப் பூப்போட்டோம். அப்புறம் நீங்கள் பாறை ஓரத்தில் நின்று "வல்லீ" என்று கத்தினீர்கள். எதிர் மலை அதைத் திருப்பிச் சொன்னது. அப்பா அம்மா உள்பட யாரும் என் பெயரை அவ்வளவு சத்தமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. இப்போது நீ என் பெயரைச் சொல்லு, மலை சொல்கிறதா பார்ப்போம் என்றீர்கள். நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். சொன்னால் உங்கள் ஆயுசு குறையும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள். அதிலும் ஒரு மலை உச்சியில், காலடியில் அத்தனை பள்ளம் இருக்கும்போது எந்தப் பெண் சொல்வாள்?

இறங்கும்போது என் பூட்ஸ் பிய்ந்தது. கட்ட ஏதாவது கயிறு வாங்கி வருகிறேன் என்று நீங்கள் முன்னால் போனீர்கள். மேகம் இறங்கிவிட்டது. கை நீட்டினால் கை தெரியவில்லை. பௌர்ணமிக் கூட்டம் ஏறிக்கொண்டேயிருந்தது. நான் ஒற்றைக் காலில் பூட்ஸோடு நின்று "ஏங்க, ஏங்க" என்று தொண்டை வறள வறளக் கூப்பிட்டேன். "இந்தா வர்றேன்" என்று ஒரு குரல் வந்தது. ஓடினேன். வேலூர்க்காரர் ஒருவர், கையில் தேங்காய்மூடியோடு நின்றார். அவருடைய சம்சாரம் எனக்குப் பின்னாலேயே வந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

உங்களை அந்த மலை விழுங்கிவிட்டது என்றே நினைத்தேன். கூப்பிடவில்லை என்று மட்டும் இனிமேல் சொல்லாதீர்கள். அன்று நான் கூப்பிட்டதுபோல் எந்தப் பெண்ணும் கூப்பிட்டிருக்க மாட்டாள்.

சுந்தரவல்லி

*

தி. நகர்,
29-7-1976

வல்லிக்கு,

எறும்பு விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கே மன்னிப்புக் கேட்டிருப்பேன். ஆனால் அது கேக்தான். இந்த ஒன்றில் நான் இறங்கி வரமாட்டேன்.

நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டது வல்லி. இதை உன்னிடம் நான் சரியாகச் சொன்னதில்லை. கயிறு கேட்டு ஒரு சோடாக் கடைக்குக் குறுக்கு வழியில் இறங்கினேன். ஈரப் பாறை. அடுத்த நிமிஷம் ஒரு பள்ளத்தில் மல்லாந்து கிடக்கிறேன், வலது பாதம் எந்தத் திசையில் திரும்பக்கூடாதோ அந்தத் திசையில் திரும்பியிருக்கிறது. மேலே மேகத்துக்குள் "ஏங்க" என்று ஒரு குரல். எழுந்து உட்கார்ந்து, "இங்க இருக்கேன்" என்று கத்தினேன். "நீ யாருய்யா?" என்று ஒரு பெண்பிள்ளை அதட்டினாள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு "ஏங்க". அதற்கும் பதில் சொன்னேன். அதுவும் வேறு யாரோ. அந்த மலையில் அன்றைக்குப் புருஷனைத் தேடாத பெண்டாட்டியே இல்லை போலிருக்கிறது. நாலாவது ஐந்தாவது குரலுக்கு நான் வாயைத் திறக்கவில்லை. அதில் ஒன்று நீயாக இருந்திருக்கும். உன் குரல் எனக்குத் தெரியாதா என்று கேட்பாய். கல்யாணமாகி ஏழு மாதம். நம் வீட்டில் நீ என்னோடு பேசியதெல்லாம் குசுகுசு. நீ கத்தினால் எப்படி இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

வெயில் தாழ்ந்த பிறகு விறகு கொண்டுபோன ஆட்கள் என் மேல்துண்டிலேயே தூளி கட்டித் தூக்கிவந்தார்கள். அடிவாரத்தில் நீ ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாய். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாய். கையிலிருந்த பிய்ந்த பூட்ஸை என்மேல் வீசினாய். அது படவில்லை. அதைத்தான் நான் இன்னும் நினைத்துச் சிரிக்கிறேன்.

நீ எழுதிய மற்ற விஷயத்துக்கு வருகிறேன். அப்பா போனபோது எனக்குப் பத்து வயது. அண்ணனுக்குப் பதினெட்டு. ஊரில் இருந்ததை விற்று மூட்டை கட்டிக்கொண்டு என்னையும் அம்மாவையும் இந்த ஊருக்குக் கூட்டிவந்தவர் அவர். ரங்கநாதன் தெருவில் நடைபாதையில் துண்டு விற்றார். என்னைப் படிக்க வைத்தார். அவருக்கு எதிரே உட்கார்ந்து, நான் தனியாகப் போகிறேன் என்று எப்படிச் சொல்வது? நாம் போனால், உன்னை ஏதோ கஷ்டப்படுத்திவிட்டார்கள் என்றல்லவா ஊர் பேசும்? வாயில் வார்த்தை வரவில்லை, வாடகை என்று வந்துவிட்டது. வேண்டுமென்று சொல்லவில்லை.

இப்போதைக்கு வாடகைக்கு விட்டு வைப்போம். இரண்டு வருஷம் போகட்டும், நானே பேசுகிறேன். பதினாறாம் தேதி உன் பிறந்தநாளுக்கு முன்னால் வந்துவிடு. மவுண்ட் ரோட்டில் நல்ல ஓட்டலாகப் பார்த்துக் கூட்டிப்போகிறேன்.

அம்மா இரண்டு நாளாக உன்னைக் கேட்கிறாள். மருமகளை எங்கே என்று நேராகக் கேட்கமாட்டாள். மோர் இன்றைக்கு ஏன் புளிக்கிறது என்று கேட்கிறாள்.

தனபாலன்

*

பெசன்ட் நகர்,
3-8-1976

பாப்பாவின் அப்பாவுக்கு,

ஓட்டல் வேண்டாம்.

இங்கே அக்கா வீட்டுக்கு முனியம்மாள் என்று ஒருத்தி மீன் கொண்டுவருவாள், பக்கத்துக் குப்பத்துக்காரி. நேற்றுச் சாயங்காலம் பாப்பாவைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனபோது அவளைப் பார்த்தேன். தண்ணீரில் முட்டளவு நின்றுகொண்டு, "யோவ் அம்மாசி, இங்க வாய்யா அம்மாசி" என்று கத்திக்கொண்டிருந்தாள். அலைக்கு அந்தப் பக்கம் நாலைந்து கட்டுமரம். அதில் ஒன்று மட்டும் திரும்பியது. பாப்பா என்னிடம், அம்மாசி யார் அம்மா என்று கேட்டாள். வீட்டுக்காரர் என்று முனியம்மாளே சொன்னாள். நான் பார்த்த பார்வை எப்படி இருந்ததோ, அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னாம்மா அப்படிப் பாக்கறே? பேரு வெச்சது கூப்புடத்தானே. இங்க நின்னுக்கினு ஏங்கன்னா அத்தினி ஆம்பளையும் திரும்பிப் பாப்பானுங்க. என் ஆளு மட்டும் பாக்க மாட்டான்."

வீட்டுக்கு வந்தும் எனக்கு அது காதில் கேட்டுக்கொண்டேயிருந்தது. உங்கள் கடிதத்தை எடுத்து மறுபடி வாசித்தேன். நீங்கள் பள்ளத்தில் கிடந்துகொண்டு மற்ற பெண்களுக்கெல்லாம் பதில் சொன்னதை நினைத்துச் சிரித்தேன், அப்புறம் அழுகை வந்தது. இந்தத் தடவை வியர்வை இல்லை.

சரி, நான் உங்கள் பெயரைச் சொல்லவில்லை. உங்கள் கால் போனது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் ஆறு வருஷமாக அந்த வீட்டில் என் பெயரைச் சொன்னீர்களா? மலையிலிருந்து வந்ததும் கால் என்னவாயிற்று என்று கேட்டார்கள். ஆரணியில் நெசவுக்காரர் வீட்டு மாடிப்படியில் வழுக்கியது என்றீர்கள். அன்றிலிருந்து அது ஆரணி மாடிப்படி ஆகிவிட்டது. நீங்கள் நொண்டும்போதெல்லாம் அத்தை ஆரணியைத் திட்டுகிறார்கள். ஆரணிப் பட்டு ராசியில்லை என்று உங்கள் அண்ணன் அங்கே கொள்முதலையே நிறுத்திவிட்டார். வாழ்க்கையில் எனக்கு நடந்த மிக நல்ல விஷயம் அந்த மலை. அது அந்த வீட்டில் நடக்கவேயில்லை. நான் ஏறவேயில்லை, நீங்கள் கை நீட்டவேயில்லை. இப்போது இந்த வீடும் அப்படித்தான். வல்லி கேட்டாள் என்று சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை, வாடகை வந்துவிட்டது.

உங்கள் அண்ணன் உங்களை வளர்த்தவர். அவரைக் கஷ்டப்படுத்த எனக்கும் ஆசையில்லை. பெசன்ட் நகர் ஒன்றும் பம்பாயில் இல்லை, காலையில் கிளம்பினால் கடை திறக்க வந்துவிடலாம். நான் அவரை விட்டுவிட்டு வாருங்கள் என்று கேட்கவில்லை. என்னை அவர் எதிரில் ஒரு தடவை சொல்லுங்கள் என்று கேட்கிறேன். இரண்டு வருஷம் கழித்து இல்லை.

பதினைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமையாக வருகிறது, சுதந்திர தினம். என் பிறந்தநாளுக்கு முதல் நாள். பூட்ஸைச் சைதாப்பேட்டையில் கொடுத்துத் தைத்துவிட்டேன். ஏறுவதற்கு இந்த ஊரில் இருப்பது ஒரே ஒரு மேடு, அதையாவது ஏறப்போகிறேன். பாப்பாவோடு சாயங்காலம் பரங்கிமலைப் படியடியில் இருப்பேன். சொல்லிவிட்டு வருவதானால் வாருங்கள். சொல்லாமல் வருவதானால் வர வேண்டாம், பாப்பா உங்களைப் பார்த்துவிட்டால் என்னால் அவளைத் திரும்பக் கூட்டிவர முடியாது. நீங்கள் வராவிட்டால் நாங்கள் இங்கேயே இருந்துவிடுவோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சுந்தரவல்லி

*

தி. நகர்,
9-8-1976

வல்லி,

உன் கடிதத்தை நாலு நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். வியர்வையில் மை கொஞ்சம் கலைந்துவிட்டது, ஆனால் எனக்கு மனப்பாடம்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் அண்ணனும் நானும் சாப்பிட உட்கார்ந்தோம். அம்மா பரிமாறினாள். குழம்பு ஊற்றும்போது என் காலைப் பார்த்துவிட்டு வழக்கம்போல் ஆரணிக்காரனை ஆரம்பித்தாள். எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. அது மாடிப்படி இல்லம்மா, மலை என்றேன். என்ன மலை என்றாள். வல்லியோட பிறந்தநாளுக்கு அவளை மலை ஏறக் கூட்டிப்போனேன், பர்வதமலை, அங்கே விழுந்தேன் என்றேன். சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. கடப்பாறை, சங்கிலி, கேக், மேகம், பள்ளம் எல்லாம் வந்துவிட்டது. எறும்பைக்கூட விடவில்லை. அண்ணன் கையைச் சோற்றில் வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அதே மூச்சில் சொன்னேன்: "அந்தப் பெசன்ட் நகர் வீடு வாடகைக்கு இல்லண்ணே. வல்லி கேட்டா. வல்லிக்குத்தான் வாங்கினேன். நாங்க மூணு பேரும் அங்க போயி இருக்கப்போறோம்."

அண்ணன் சோற்றிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "உனக்குன்னா உனக்குன்னு சொல்ல வேண்டியதுதானே. எங்கிட்ட எதுக்குடா வாடகைக் கணக்கு சொன்னே?" என்றார். அவ்வளவுதான். பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவப் போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். நான் போவதைவிடப் பொய் சொன்னதுதான் அவருக்கு வலித்திருக்கிறது என்று நினைக்கிறேன். இன்று காலையிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. கடையில் கணக்குப்பிள்ளை மூலம் சொல்லியனுப்புகிறார். ஆனால் மத்தியானம் சாப்பிடும்போது ஊறுகாய்ப் பாத்திரத்தை என் பக்கம் நகர்த்தினார். அதைப் பேச்சு என்று எடுத்துக்கொள்வதா இல்லையா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மாவைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கடிதம் முடியாது. அண்ணன் எழுந்துபோனதும் குழம்புக் கரண்டியோடு என் எதிரில் உட்கார்ந்துவிட்டாள். நான் பயந்துபோனேன். "அப்பம் ஆரணிக்காரன் மாடிப்படி இல்லையா அது? பாவம், ஆறு வருசமா அவனை வஞ்சுக்கிட்டு இருந்தனே" என்றாள். பிறகு நீ மேகத்துக்குள் நின்று ஏங்க ஏங்க என்று கூப்பிட்டதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். கேட்டுவிட்டு என்ன சொன்னாள் தெரியுமா?

"அந்தப் புள்ள பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம்லா. மலைக்கு மாமியாரா வந்து நிக்கப்போறா?"

உன் மாமியார் இசக்கியம்மாள் வாயிலிருந்து வந்த வார்த்தை, நான் ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. ஒரு தடவை நியாயவிலைக் கார்டுக்காரர் புருஷன் பெயர் என்ன என்று கேட்டபோது நீ சுவரில் இருந்த கல்யாணப் போட்டோவைக் காட்டினாயே, அன்றைக்கு அவர்முன் உன்னைப் பெருமையாகப் பேசியதும் இதே அம்மாதான்.

இன்று காலையில் கடைக்குப் போகும்முன் சாவியை வாங்கிவிட்டேன். சட்டைப் பையில் உன் கடிதத்தோடு இருக்கிறது. வீட்டைத் திறந்து பார்க்கவில்லை, அது நீ செய்ய வேண்டியது. வாசலில் நின்று மட்டும் பார்த்தேன். கிழக்கே பெரிய ஜன்னல் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். மாம்பலத்தில் ரயில் ஏறினால் பரங்கிமலை. ஆனால் வல்லி, அந்தப் படிகளை நான் ஏறிவிடுவேனா என்று எனக்குச் சந்தேகம்தான். மாடிப்படிக்கே கைப்பிடி வேண்டியிருக்கிறது. மேடு என்று சிரித்தவன் நான். இப்போது அதுவே எனக்குப் பர்வதமலையாகத்தான் இருக்கும். நின்று நின்றுதான் வருவேன். பாப்பா முன்னால் ஓடிவிடுவாள், நீயும் அவள் பின்னால் போக வேண்டியிருக்கும். நான் பின்தங்கிவிட்டால் கோபித்துக்கொள்ளக் கூடாது. நான் வருவதில் உனக்குச் சம்மதம் என்றால் ஒரு வரி எழுது.

தனபாலன்

*

பெசன்ட் நகர்,
12-8-1976

அன்புள்ள தனபாலனுக்கு,

உறையைப் பிரிக்குமுன் விலாசத்தைப் பார்த்தீர்களா? அக்கா எழுத்து இல்லை. முதல் உறையில் மை கொட்டிவிட்டது, இது இரண்டாவது. எழுதி முடித்துவிட்டு, உங்களுக்கு ஒன்றும் ஆகாமல் இருக்க வேண்டுமே என்று வேளாங்கண்ணி மாதா கோயில் வரைக்கும் நடந்துபோய் ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தேன். சிரிக்காதீர்கள். இத்தனை வருஷத்துப் பயம் ஒரே நாளில் போகாது.

அத்தை சொன்னதைப் பத்துத் தடவை வாசித்தேன். அக்காவுக்கும் வாசித்துக் காட்டினேன். யாருக்காக நான் வாயை மூடிக்கொண்டிருந்தேனோ அவர்களுக்கே அது வேண்டியிருக்கவில்லை. எனக்குக் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மோர் புளிக்காமல் இருக்க முதல் நாள் உறைக்கு எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று அத்தையிடம் நானே வந்து சொல்கிறேன். வீடு மாறினாலும் வெள்ளிக்கிழமை தவறாமல் வருவேன் என்றும் சொல்லுங்கள். உங்கள் அண்ணன் ஊறுகாயை நகர்த்தியது பேச்சுதான். நீங்களும் அவர் பக்கம் எதையாவது நகர்த்துங்கள்.

நீங்கள் மெதுவாகவே வாருங்கள். இந்த முறை நான் முன்னால் ஏறி உட்கார்ந்து கையை நீட்டுகிறேன். சீக்கிரம் வாருங்கள் என்று சொல்லமாட்டேன், பின்னால் வருகிறவர்கள் என்ன சத்தம் போட்டாலும் சரி. பாப்பாவை அக்கா பார்த்துக்கொள்வாள், துணைக்கு அவளும் வருகிறாள். நீங்கள் பாண்டி பஜாரில் அதே கடையில் அதே சாமானை வாங்கி வாருங்கள். கேக்கா பன்னா என்பதை உச்சியில் உட்கார்ந்து தீர்த்துக்கொள்வோம். எறும்பு இல்லாமல் பார்த்து வாங்குங்கள்.

விடுமுறை நாள், ஞாயிறு வேறு. படியடியில் கூட்டமாகத்தான் இருக்கும். நீங்கள் ரயிலை விட்டு இறங்கி வரும்போது, ஏங்க, ஏங்க என்று எத்தனையோ பெண்கள் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்களில் ஒருத்திக்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டாம், திரும்பியும் பார்க்க வேண்டாம். உங்கள் பெயர் கேட்டால் மட்டும் திரும்புங்கள். அது நான்தான்.

வல்லி